அந்தப் பாறை வழுக்கும்னு எங்களுக்குத் தெரியும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்கேஜியில இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பரீட்சை பேப்பருக்கு வெளியே இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ர, ற குழப்பமெல்லாம் எடிட்டர் டீம் திருத்தியிருப்பாங்க. கருத்துல தப்பு இருந்தா அது என்னோடது.

இங்கிலீஷ்லயே எழுதியிருக்கலாம். ஆனா இதை ஹாஸ்டல்ல படிக்கணும், செகண்ட் இயர் பசங்க படிக்கணும். அதனாலதான் தமிழ்.

விஷயம் இதுதான். நம்ம காலேஜ்ல மலை, காடு, அருவி, ஓடை எதுக்கும் கூட்டமா போக அனுமதி கிடையாது. டிபார்ட்மென்ட் டூர்னா மைசூரு, இல்லைன்னா கொச்சின்ல ஏதாவது கம்பெனி. மீறிப் போய் மாட்டினா பேரண்ட்ஸை வரச் சொல்வாங்க, ஹாஸ்டல்ல இருந்து ஒரு வாரம் வெளியே. இது உங்களுக்கும் தெரியும். இருந்தும் நாம எல்லாரும் போறோம்கிறதும் தெரியும். மேற்கே பார்த்தா மலை தெரியற ஊர்ல, கையில பைக் இருக்கிற பசங்க ஞாயித்துக்கிழமை ரூமுக்குள்ளேயே இருப்பாங்கன்னு சர்க்குலர் போட்டவங்களே நம்பியிருக்க மாட்டாங்க.

தடை நம்மளைப் போகவிடாம நிறுத்தல. போய் வந்ததைச் சொல்ல விடாமத்தான் நிறுத்தியிருக்கு. அந்த ரெண்டாவது விஷயம்தான் ஆபத்து. ஏன்னு என் கதையிலிருந்தே சொல்றேன்.

செகண்ட் இயர். அக்டோபர் மாசம். இன்டர்னல் முடிஞ்ச மறுநாள். பத்து பேர், அஞ்சு பைக். மலையடிவாரத்துல ஒரு ஓடை. இடத்தோட பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த ஞாயிறே நாலு பேர் கிளம்பிடுவீங்க. வண்டியை ஒரு தோப்போரம் நிறுத்திட்டு நடந்தோம். ஆடு மேய்ச்சுட்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துட்டு, "ஏனுங் தம்பி, மேல மலையில மழை புடிச்சிருக்குதுங்க. தண்ணி வந்தாலும் வந்துரும். ஓடையில எறங்காதீங்க சாமி" அப்படின்னார். நாங்க அண்ணாந்து பார்த்தோம். எங்க தலைக்கு மேல வெயில் அடிச்சுட்டிருந்தது. "சரிங்கய்யா" ன்னு சொல்லிட்டு இறங்கிட்டோம்.

இப்போ யோசிச்சா வெட்கமா இருக்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸ் பண்ணின பசங்க நாங்க. ஓடையில வர்ற தண்ணி நம்ம தலைக்கு மேல பெய்யற மழை இல்ல, மேல முழு மலைச்சரிவுலயும் பெய்யற மழை ஒண்ணா சேர்ந்து வர்றதுன்னு எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அது எக்ஸாம் ஹால்ல மட்டும்தான் தெரிஞ்சது. கோவை குற்றாலத்துல மழை நாள்ல வனத்துறை ஆளுங்களை உள்ளே விடாம நிறுத்தறது இந்தக் காரணத்துக்குத்தான். அங்கேயாவது கேட் இருக்கு, ஆள் இருக்கு. எங்க ஓடையில அந்தப் பெரியவர் மட்டும்தான் இருந்தார். அவர் பேச்சை நாங்க கேட்கல.

வெள்ளம் பெருசா வரல. முழங்கால் வரைக்கும் இருந்த தண்ணி கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு ஏறிச்சு, நிறம் மாறி செம்மண் கலரா வந்தது. எல்லாரும் கரையேற ஓடினோம். ஏறற இடத்துல ஒரு சாய்வான பாறை. பார்க்கக் காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா மெல்லிசா பாசி. என் ரூம்மேட் அதுல கால் வெச்சான், வழுக்கினான், பின்மண்டை பாறையில மோதுச்சு. கணுக்காலும் மடங்கிடுச்சு. சில நொடி அவனுக்கு நினைவில்ல. கண்ணைத் திறந்ததும், "மச்சான், வார்டனுக்குச் சொல்லிடாதீங்க" ன்னுதான் முதல்ல சொன்னான்.

ஒன்றரைக் கிலோமீட்டர் அவனைத் தூக்கிட்டு வந்தோம். பைக்ல நடுவுல உட்கார வெச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியிலேயே கதை ரெடி. ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான். ட்யூட்டி டாக்டர் காலைப் பார்த்துட்டு, "தலையில அடிபட்டுச்சா? மயக்கம் ஏதாவது வந்துச்சா?" ன்னு கேட்டார். நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "இல்லைங்க சார்" ன்னு சொன்னேன். சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல.

காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு அவன் வாந்தி எடுத்தான். மறுபடி எடுத்தான். அப்போதான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பிச்சது. மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டக்கூட இல்ல. ஸ்கேனுக்கு அனுப்பினார். ரத்தக்கசிவு எதுவும் இல்ல, நல்லவேளை. இப்போ அவன் நல்லா இருக்கான், ப்ளேஸ் ஆகிட்டான், அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். ஆனா அந்த ஸ்கேன் ரிசல்ட் வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்த நேரத்தை நான் மறக்கல. தலையில அடிபட்டு நினைவு தப்பினவனைப் பத்தி டாக்டர்கிட்ட பொய் சொன்னவன் நான். எதுக்காக? ஒரு வாரம் சஸ்பென்ஷனுக்காக.

காலேஜுக்கு பாத்ரூம் கதைதான் போச்சு. பாத்ரூம்ல ரப்பர் மேட் போட்டாங்க.

இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் மெஸ்ல ஒரு ஜூனியர் ரீல்ஸ் காட்டினான். அதே ஓடை. அதே சாய்வுப் பாறை. அதுல ஏறி நின்னு ஒருத்தன் டைவ் அடிக்கறான். "அண்ணா, அங்க இன்னொருத்தன் வழுக்கி விழுந்துட்டான், மண்டையில தப்பிச்சான், தோள்பட்டை மட்டும் இறங்கிடுச்சு" ன்னு சிரிச்சுட்டே சொன்னான். ஹாஸ்டல்ல என்ன காரணம் சொன்னீங்கன்னு கேட்டேன். "வாலிபால்".

அந்தப் பாறை வழுக்கும்னு எங்க பத்து பேருக்கும் தெரியும். அக்டோபர்ல அந்த ஓடையில எவ்வளவு வேகமா தண்ணி ஏறும்னு தெரியும். யாரும் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மாட்டிக்குவோம். அதனால அடுத்த பேட்ச் அதே பாறையில போய் முதல்ல இருந்து கத்துக்கிட்டாங்க.

போன செமஸ்டர் லீவுல கணபதி பக்கம் ஒரு ஃபவுண்டரியில இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். ஷாப் ஃப்ளோர் வாசல்ல ஒரு நீள நோட்டு கயித்துல கட்டித் தொங்கும். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்னு நினைச்சேன். சூப்பர்வைசர் அண்ணன் சொன்னார், "அது வேறங்க தம்பி. இது நியர் மிஸ் நோட்டு. அடிபடாமத் தப்பிச்சதை இதுல எழுதணும்." கிரேன் ஹூக்கு லேசா நழுவினது, தரையில எண்ணெய் கொட்டி ஒருத்தர் தடுமாறினது, எல்லாம் தேதியோட இருந்தது. எழுதினவங்களுக்குத் திட்டு கிடையாதா அண்ணான்னு கேட்டேன். "திட்டினா அடுத்த நாள்ல இருந்து எவன் எழுதுவான்?" ன்னு திருப்பிக் கேட்டார்.

மூணரை வருஷ இன்ஜினியரிங்ல எனக்கு யாரும் இவ்வளவு தெளிவா சொல்லிக் கொடுத்ததில்ல. விமானத் துறையில இதையே பெரிய அளவுல செய்யறாங்க. அமெரிக்காவுல 1976-ல இருந்து பைலட்டுகள் தாங்க செஞ்ச தப்பை எழுதி அனுப்ப ஒரு ஏற்பாடு இருக்கு. அதை நடத்தறது தண்டனை கொடுக்கிற விமானத் துறை இல்ல, நாசா. பேர் வெளியே வராது. வேணும்னே செய்யாத தப்புன்னா, எழுதிக் கொடுத்தவருக்குத் தண்டனையில இருந்து விலக்கும் கிடைக்கும். தண்டிக்கிற கையும் கேட்கிற காதும் ஒண்ணாவே இருந்தா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கன்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க.

சரி, நம்ம பக்கம் வருவோம். மலையேற்றம்னாலே நம்ம ஊர்ல பெரியவங்க எல்லாரும் சொல்ற பேர் குரங்கணி. அப்போ நான் எட்டாவது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்துல, கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கிட்டிருந்தவங்க காட்டுத்தீயில மாட்டினாங்க. 20 பேருக்கும் மேல இறந்தாங்க. சென்னையில இருந்து மகளிர் தினத்தையொட்டி ஒரு ட்ரெக்கிங் கிளப் மூலமா வந்த ஒரு குழு. இன்னொரு குழு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஈரோடு, திருப்பூர். நம்ம ஆளுங்க. மீட்புக்கு ஹெலிகாப்டர் கிளம்பினதும் நம்ம சூலூர் விமானப்படைத் தளத்துல இருந்துதான். ஆனா அதுக்கும் முன்னாடி மலையேறிப் போய் ஆளுங்களைத் தூக்கிட்டு வந்தது குரங்கணி ஊர்க்காரங்க.

அதுல நாம கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, மார்ச் மாசம். புல் காய்ஞ்சு நிக்கிற காலம். தீ சரிவுல மேல் நோக்கி ஓடும்போது மனுஷனால அதை முந்த முடியாது. ரெண்டாவது, அனுமதி. குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷன் போற பாதைக்குத்தான் சீட்டு கொடுக்கப்பட்டிருந்தது, அவங்க போனது கொழுக்குமலைப் பாதைன்னு வனத்துறை தரப்புல அப்போ சொன்னாங்க. அனுமதிச் சீட்டுங்கிறது காசு வாங்கற ரசீது மட்டும் இல்ல. எந்தப் பாதையில எத்தனை பேர் இருக்காங்கன்னு கீழே இருக்கிற ஒருத்தருக்குத் தெரியறதுதான் அதோட உண்மையான வேலை. இதை நாங்க ஓடைக்குப் போனப்போ யோசிக்கவே இல்ல. அன்னைக்கு நாங்க எங்கே இருக்கோம்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஆடு மேய்க்கிற பெரியவரைத் தவிர.

குரங்கணிக்கு அப்புறம் அரசு என்ன செஞ்சது? கொஞ்ச நாள் எல்லாத்தையும் மூடினாங்க. ஆனா அதோட நிறுத்தல. விசாரணை நடந்தது. அதே 2018-ல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சாங்க. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைன்ல புக் பண்ணலாம். மலைக்கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி எடுத்து வழிகாட்டிகளா வர்றாங்க. காட்டுத்தீ காலத்துல பாதைகளை மூடிடறாங்க. அதாவது, 20 பேருக்கு மேல இறந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறமும் ஒரு அரசாங்கமே 'இனி யாரும் போகாதே' ன்னு முடிக்கல. 'இப்படிப் போ' ன்னு சொல்லியிருக்கு. நம்ம காலேஜ் மட்டும் இன்னும் முதல் வரியிலேயே நிக்குது.

தேர்ட் இயர்ல, டிசம்பர் லீவுல, அப்படி முறையா புக் பண்ணி டாப்ஸ்லிப் போனேன். வீட்டுல அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டு, அதே ரூம்மேட்டோட. கட்டணம் ஸ்டூடன்ட் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான், மறைக்கல. எங்களோட வந்த வழிகாட்டி அண்ணன் மலசர் இனத்தைச் சேர்ந்தவர். பாதி வழியில சட்டுன்னு கையைக் காட்டி நிறுத்தினார். எங்களுக்கு ஒண்ணும் தெரியல. "வாசம் வருதுல்ல? ஆனை பக்கத்துல நிக்குது" ன்னார். அரை மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்திருந்தோம். மூங்கில் உடையற சத்தம் கேட்டது. அப்புறம், "இன்னிக்கு இதுக்கு மேல வேண்டாம், திரும்பிடலாம்" ன்னுட்டார்.

எங்க குரூப்ல ஒரு ஐடி அண்ணன், "இவ்வளவு காசு கட்டிட்டு வந்திருக்கோமே" ன்னு ஆரம்பிச்சார். வழிகாட்டி கோபப்படல, விளக்கமும் கொடுக்கல. திரும்பி நடக்க ஆரம்பிச்சார், நாங்களும் பின்னாடியே நடந்தோம். அவரோட பேச்சுக்கு அங்கே எதிர்ப்பேச்சு கிடையாது. எங்க ஓடைக் கூட்டத்துல பத்து பேர் இருந்தும் 'திரும்பலாம்' ன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாததுதான் அப்போ எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையில ரெண்டு பேருக்குத் தோணியிருக்கு. பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கன்னு வாயைத் திறக்கல. பின்னாடி பேசினப்போதான் தெரிஞ்சது.

இப்போ எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். இந்த விஷயத்தை எங்க வார்டன் சார்கிட்ட போன மாசம் முழுசா, உண்மையா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கெட்டவர் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்காவது காய்ச்சல்னா முதல்ல எந்திரிக்கிறவர் அவர்தான். தடை போடறவங்க எல்லாம் வில்லன்னு நினைக்கிற வயசு எனக்கும் தாண்டிடுச்சு.

இன்னொரு பயமும் நியாயமானது. காலேஜே நடத்தினா மட்டும் பாதுகாப்பு வந்துடுமா? வராது. 2018 ஜூலையில, குரங்கணி நடந்து நாலே மாசத்துல, நம்ம கோவை நரசீபுரம் பக்கத்துல ஒரு கல்லூரியில பேரிடர் பயிற்சின்னு சொல்லி மாணவர்களை மாடியில இருந்து குதிக்க வெச்சாங்க. தயங்கின ஒரு மாணவியைப் பயிற்சியாளர் தள்ளினதுல, கீழ் மாடி சன்ஷேடுல தலை மோதி அந்தப் பொண்ணு இறந்துட்டாங்க. அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மறுத்தது. காலேஜ் வளாகம், பகல் நேரம், 'சேஃப்டி' ங்கிற பேர்ல நடந்த நிகழ்ச்சி. வீடியோவுல அந்தப் பொண்ணு வேண்டாம்னு தயங்கறது தெரிஞ்சது. யாரும் நிறுத்தல. அதனால கிளப்னு ஒரு போர்டு மாட்டி, டீ ஷர்ட் அடிச்சா போதும்னு நான் சொல்ல வரல. 'வேண்டாம்' ன்னு ஒருத்தர் சொன்னா எல்லாம் நிக்கணும். அது இல்லாத கிளப், தடையை விட மோசம்.

வெளிநாட்டுல இருந்து ஒரே ஒரு உதாரணம். 1993 மார்ச்ல இங்கிலாந்தோட லைம் விரிகுடாவுல, பிளிமத் ஊர்ப் பள்ளி மாணவர்களை ஒரு சாகசப் பயிற்சி மையம் கடல்ல கயாக் ஓட்டக் கூட்டிட்டுப் போச்சு. 4 பிள்ளைங்க இறந்தாங்க. அதுக்கு முந்தின வருஷமே அந்த மையத்தை விட்டு விலகின ரெண்டு பயிற்றுநர்கள், இங்கே பாதுகாப்பு சரியில்லைன்னு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாங்க. அதாவது நியர் மிஸ் நோட்டு எழுதப்பட்டிருந்தது, படிக்க வேண்டியவர் படிச்சும் ஒண்ணும் செய்யல. வழக்கு நடந்தது, நிர்வாக இயக்குநர் ஜெயிலுக்குப் போனார். 1995-ல புதுச் சட்டம் வந்தது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற சாகச மையங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம்னு ஆச்சு. அங்கேயும் கடலை மூடல. கூட்டிட்டுப் போறவங்களைத்தான் சோதிச்சாங்க.

இன்னொரு விஷயம், இதை நம்ம கிளாஸ் பொண்ணுங்க சொல்லித்தான் எனக்கு உறைச்சது. தடை எல்லாருக்கும் ஒண்ணுன்னு சர்க்குலர் சொல்லுது. ஆனா பாய்ஸ் ஹாஸ்டல்ல 'கசின் கல்யாணம்' னு அவுட்பாஸ் எழுதிட்டுப் போயிடலாம். கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல அம்மாவுக்கு போன் பண்ணிக் கன்ஃபர்ம் பண்ணாம கேட் திறக்காது. திருட்டுத்தனமா மட்டுமே போக முடியும்னு ஆக்கி வெச்சா, திருட்டுத்தனம் செய்ய முடிஞ்சவனுக்கு மட்டும்தான் மலை. நாலு வருஷம் கோவையில படிச்சுட்டு, ஹாஸ்டல் மொட்டை மாடியில இருந்து மட்டும் மலையைப் பார்த்துட்டு ஊருக்குப் போற பொண்ணுங்க எத்தனை பேர்னு உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க.

அப்புறம் வெள்ளியங்கிரி. சிவராத்திரி சீசனுக்கு மூங்கில் தடியை ஊனிட்டு ஏழு மலை ஏறாத பசங்க நம்ம காலேஜ்ல கம்மி. அதுக்கு யாரும் தடை போடறதில்ல, சாமி காரியம். நானும் போயிருக்கேன். ஆனா அந்த மலை லேசானது இல்ல. மூச்சுத்திணறி, நெஞ்சுவலி வந்து இறந்தாங்கன்னு சீசன்ல செய்தி வரத்தான் செய்யுது. சாமிக்காகப் போனா பாதுகாப்பு, சும்மா போனா ஆபத்துன்னு மலைக்குத் தெரியாது. நம்ம உடம்பு தயாரா, காலம் சரியா, கூட வர்றவன் எப்படி இருக்கான்னு பார்க்கிறது ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அதனால நாங்க 14 பேர் கையெழுத்துப் போட்டு, ஒரு மலையேற்றக் கிளப் வேணும்னு பிரின்சிபால் ஆபீஸ்ல லெட்டர் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரல. லெட்டர்ல கேட்டது அஞ்சு விஷயம்.

1. வனத்துறை அனுமதி உள்ள பாதைக்கு மட்டும், வழிகாட்டியோட மட்டும் போறது. பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் காட்டுக்குள்ள போறதே இல்ல. மழை நாள்ல ஓடை, அருவி கிடையாது.

2. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர். யார் யார் போறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்ப ஆரம்பிப்போம். ஒரு காப்பி வார்டன்கிட்ட, ஒரு காப்பி வீட்டுக்கு. உச்சியைத் தொட்டாலும் தொடாட்டியும் அந்த நேரத்துக்குத் திரும்பறது.

3. குரூப்ல யார் வேணும்னாலும் 'திரும்பலாம்' ன்னு சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. ஹாஸ்டலுக்கு வந்தப்புறம் கிண்டலும் பண்ணக் கூடாது. ரெண்டாவதுதான் கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

4. வர்ற ஒவ்வொருத்தரும் முதலுதவி கத்துக்கணும். மலையில டவர் இருக்காது, 108-க்கு போன் போகாது. தலையில அடிபட்டா என்ன பார்க்கணும், சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் என்ன கட்டணும், ஆளை எப்படித் தூக்கணும்னு தெரியாம பத்து பேர் கூடப் போறதும் ஒருத்தன் தனியாப் போறதும் ஒண்ணுதான். என்சிசி பசங்களும் யூத் ரெட் கிராஸும் நம்ம கேம்பஸ்லயே இருக்காங்க, அவங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்.

5. ஒரு நோட்டு. தப்பிச்ச கதையெல்லாம் அதுல எழுதணும். பேர் வேண்டாம், தேதியும் இடமும் என்ன ஆச்சுங்கிறதும் போதும். அதுல எழுதினதுக்காக யார் மேலயும் நடவடிக்கை இருக்காதுன்னு காலேஜ் எழுத்துல தரணும்.

முதல் நாலையும் காலேஜ் ஒத்துக்கும்னு நினைக்கிறேன். அஞ்சாவதுக்குத்தான் யோசிப்பாங்க. தப்பு செஞ்சவனை விட்டுடறதான்னு கேட்பாங்க. என் பதில், அந்த ஃபவுண்டரி அண்ணன் பதில்தான். திட்டினா எவன் எழுதுவான்? ஒரு பையனை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பறதா, அவன் மூலமா அடுத்த பேட்ச்ல ஒருத்தனோட மண்டையைக் காப்பாத்தறதான்னா, ரெண்டாவதை எடுங்கன்னுதான் கேட்கிறேன்.

இப்போ உங்களுக்கு. ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்ல 'லாஸ்ட் ட்ரிப்' பேச்சு ஓடிட்டிருக்கு. மார்ச் மாசம், ஒரு மலை, ராத்திரி டென்ட், கேம்ப் ஃபயர். காய்ஞ்ச புல்லுல நெருப்பு. நான் வரலைன்னு போட்டேன். ரெண்டு பேர் சிரிக்கிற எமோஜி போட்டாங்க, ஒருத்தன் 'சீனியர் சிட்டிசன்' ன்னான். அப்புறம் தனியா மூணு பேர் மெசேஜ் பண்ணி, "எனக்கும் அதான் தோணுச்சு மச்சான்" ன்னாங்க. இப்போ ப்ளான் மே மாசத்துக்குத் தள்ளியிருக்கு, புக் பண்ணிப் போற பாதைக்கு. உங்க குரூப்லயும் அப்படி மூணு பேர் இருப்பாங்க. ஒருத்தர் முதல்ல சொல்லணும், அவ்வளவுதான்.

லெட்டருக்குப் பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, லைப்ரரி பக்கத்துல இருக்கிற நம்ம மேகசின் ரூம்ல வெச்சிருக்கோம். பேர் எழுத வேண்டாம். எடிட்டர் டீம் தவிர யாரும் பார்க்க மாட்டாங்க, ஒவ்வொரு இதழ்லயும் இடத்தையும் ஆபத்தையும் மட்டும் எடுத்துப் போடுவோம்.

முதல் பக்கம் நான் எழுதிட்டேன். அதுல ஓடையோட பேரும் இருக்கு. இங்கே மறைச்சதை அங்கே மறைக்கல, ஏன்னா அந்த நோட்டைத் தேடி வர்றவன் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கிறவன். எந்தப் பாறை, அதுல பாசி எந்தப் பக்கம், மேல மழை பிடிச்சா தண்ணி எவ்வளவு ஏறுது, டாக்டர்கிட்ட நான் சொன்ன பொய், எல்லாம் இருக்கு. அந்தப் பெரியவர் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கேன்.

வாலிபால்ல தோள்பட்டை இறங்கின தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். ரெண்டாவது பக்கம் காலியா இருக்கு. வந்து எழுது.